பொட்டு வெச்ச பெட்டி

வேண்டாமுங்க தம்பி, காலுக்கடியில வேண்டாம். கண்டக்டர் அப்படித்தான் சொல்லுவார், அவருக்கென்ன. சீட்டுக்கடியில தள்ளினா போறவன் வர்றவன் மிதிப்பான். அது சாமி படம் வெக்கற பலகைங்க. மேல கம்பியில வெச்சிடறேன். அந்த முனையைக் கொஞ்சம் தூக்கிக் குடுங்க. ஆங், அப்படித்தான். இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளோணும். போதும் போதும். ஆடத்தான் செய்யும், பஸ்ஸுன்னா ஆடாதா. விழாது. நான் வெச்சா விழாதுங்க. ஆயுசு பூரா பாரம் தூக்கின கை இது.

தேக்குங்க. கணபதி ஏரியாவுல ஒரு ஆசாரிகிட்டச் சொல்லி இழைச்சு வாங்கினேன். முன்பக்கம் மணி தொங்கவிடக் கொக்கி வெச்சிருக்கார் பாருங்க, நான் கேக்கவே இல்லை, அவராவே வெச்சது. என் தங்கச்சி வீட்டுக்குக் கொண்டு போறேன். கோவில்பாளையம் தாண்டி ரைஸ்மில் ஸ்டாப். சொல்லாமத்தான் போறேன். சொல்லிட்டுப் போறதுக்கு அவ என்கிட்டப் பேசினாத்தானுங்களே.

சண்டையெல்லாம் இல்லைங்க. அதுதான் எனக்கும் புரியலை. சண்டைன்னா பெரிய மனுசங்க நாலு பேரை வெச்சுப் பேசிக்கலாம். வாயே திறக்காதவகிட்ட என்னத்தைப் பேசறது? போனா கதவு திறந்துதான் கிடக்கும். சொம்புல தண்ணி கொண்டாந்து என் முன்னால தரையில வெச்சுட்டு உள்ள போயிருவா. கையில குடுக்க மாட்டா. நான் இருக்கற வரைக்கும் அடுப்படியை விட்டு வெளிய வர மாட்டா. பேரு சரசு. அம்மா போனப்ப இத்தனூண்டு. தலை வாரி, ரிப்பன் கட்டி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினது எல்லாம் நான்தான். அவளுக்காகவே நான் கலியாணம் பண்ணிக்கலை. எனக்குன்னு இருக்கறது அவ ஒருத்திதானுங்க. அவ வாயில இருந்து ஒருக்கா 'அண்ணா'ன்னு வந்துட்டாப் போதும், வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு.

என்ன சோலின்னு கேட்டீங்களா? மெஷின் ஏத்தி இறக்கறது. ஆறுச்சாமி மேஸ்திரின்னா இந்தப் பக்கம் தெரியும். மில்லு மெஷினோ, லேத்தோ, பாய்லரோ, லாரியில இருந்து இறக்கி, உருளை போட்டு நகர்த்தி, சொல்ற இடத்துல நிறுத்திக் குடுத்துருவோம். படிப்பு எனக்கு ஏறலைங்க. ஆனா காது நல்ல காது. ஒரு மெஷின் நகரும்போது முனகற சத்தத்துலயே எந்தப் பக்கம் சாயப் போகுதுன்னு சொல்லிருவேன்.

என் செட்டுல வேலை பார்த்தவர்தான் மாப்ள. நாகமாணிக்கம்னு பேரு. தங்கச்சியை அவருக்குக் குடுத்ததே ஒரு குணத்துக்காகத்தான். நான் ஒண்ணு சொல்லிட்டா மறுத்துப் பேசவே மாட்டார். என்னடா இது, இந்தக் காலத்துல இப்படி ஒரு ஆளான்னு எனக்கே ஆச்சரியமா இருக்கும். 'மச்சான் சொன்னாச் சரி'ம்பார், செஞ்சிருவார். அவ்வளவுதான்.

சரவணம்பட்டி வந்துருச்சுங்களா? அந்தப் பக்கம் பாருங்க, பச்சைக் கண்ணாடி போட்ட கட்டடம். ஆமாங்க, அதே. அதுக்குள்ளதான் நடந்தது. கம்பெனி பேரு வேண்டாம், விடுங்க. நான் இந்த வழியா வரும்போது அந்தப் பக்கம் பாக்க மாட்டேன். இன்னிக்கு உங்களுக்குக் காட்டறதுக்காகத்தான் பார்த்தேன்.

கம்ப்யூட்டருக்கெல்லாம் பெரிய கம்ப்யூட்டரு, சர்வர்னு சொல்றாங்களே, அது. பார்த்தா நம்ம வீட்டு டிரங்குப் பெட்டியைத் தட்டையா அமுக்கின மாதிரி இருக்குது. ஆனா கனம்! ரெண்டு ஆளு இல்லாமத் தூக்க முடியாது. அதையெல்லாம் அடுக்கறதுக்கு ஆளை விட உசரமா ஒரு இரும்பு அலமாரி. ரேக்குங்கறாங்க. தரையில நடந்தா தொம் தொம்முனு கேக்கும், அடியில ஒயரு போறதுக்காக வெறும் பொந்து. அங்க ஒரு இன்ஜினியர் பொண்ணு, சுபாஷினி மேடம். சின்னப் பொண்ணுதான். எங்களை நிறுத்தி வெச்சு முதல்ல பாடம் எடுத்துச்சு.

"அண்ணா, மோதிரம், கைக்கயிறு, வாட்ச் எல்லாம் கழட்டிருங்க. கரண்டு புழங்கற இடம், உலோகம் எதுவும் உடம்புல இருக்கக் கூடாது."

எங்க ஆளு கனகு இருக்கானே, அவன் வாய் சும்மா இருக்காது. "கோவணமாச்சும் இருக்கட்டுமா மேடம்?"னான். அந்தப் பொண்ணுக்கே சிரிப்பு வந்துருச்சு. மாப்ள மட்டும் சிரிக்காம கலியாண மோதிரத்தைத் திருகித் திருகிக் கழட்டினார். வரவே மாட்டேன்னுது. கழட்டி, கைக்குட்டையில முடிஞ்சு, சட்டைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டார். நான் என்னோடதைக் கழட்டலைங்க. இது குருக்கள் மந்திரிச்சுக் குடுத்தது. கையை மடக்கி வெச்சுக்கிட்டேன், அந்தப் பொண்ணு பார்க்கலை.

பொறவு சொல்லுச்சு: "கனமானது எல்லாம் அடித்தட்டுல. கீழ இருந்துதான் மேல வரோணும். அலமாரிக்கு முன்னால இந்தக் காலு இருக்குதே, இதை இழுத்து ஊணினாத்தான் அது நிக்கும். ஊணாம எந்தப் பெட்டியையும் வெளிய இழுக்கக் கூடாது. இழுத்தாலும் ஒரு நேரத்துக்கு ஒண்ணுதான். ரெண்டு வந்துச்சுன்னா அலமாரியே குப்புற வந்துரும். அப்படி ஒருவேளை சாஞ்சா, அண்ணா, யாரும் புடிக்காதீங்க. விட்டுட்டு ஓடிருங்க. மெஷின் போனா வேற வாங்கிக்கலாம்."

மாப்ள அத்தனையும் உதட்டுக்குள்ள திருப்பிச் சொல்லிக்கிட்டே நின்னார். கோயில்ல மந்திரம் சொல்லும்போது கூடவே முணுமுணுப்பாங்களே, அந்த மாதிரி. எனக்கு அதைப் பார்க்கச் சிரிப்பா வந்துது. நாம நிறுத்தாத மெஷினா? அந்தப் பொண்ணு பொறக்கறதுக்கு முன்னால இருந்து நிறுத்தறோம்.

இப்ப ஒண்ணு கேளுங்க. எங்கள்ல ஒரு வழக்கம். எந்த மெஷினா இருந்தாலும் முதல் மெஷினுக்குப் பொட்டு வெச்சு, தேங்காய் உடைச்சு, கற்பூரம் காட்டித்தான் ஏத்துவோம். அன்னிக்கும் பையில எல்லாம் கொண்டுபோயிருந்தேன். கற்பூரத்தை எடுத்ததும் அந்தப் பொண்ணு ஓடி வந்துச்சு. "ஐயோ அண்ணா, மேல பாருங்க! புகை பட்டா மணியடிச்சு கேஸ் பீச்சிரும்." தேங்காய்? "தண்ணி சிந்தக் கூடாதுண்ணா." பூசணிக்காயைப் பத்தி நான் வாயே திறக்கலை. கடைசியா, "பொட்டு மட்டுமாச்சும் வெச்சுக்கறேன் கண்ணு"ன்னேன். "காத்து போற ஓட்டையில படாம வையுங்க"ன்னுச்சு. நல்ல பொண்ணுதான், இல்லைன்னு சொல்லலை. இருக்கறதுலயே பெருசா ஒரு பெட்டி, அதுக்குச் சந்தனம் பூசி, நடுவுல குங்குமம் வெச்சேன். கறுப்பு இரும்புல அப்படியே மாரியாத்தா வந்து உட்கார்ந்த மாதிரி இருந்துச்சுங்க. மாப்ளயும் தொட்டுக் கும்பிட்டுக்கிட்டார்.

அந்த நேரத்துல பாருங்க, வாசல்ல அடுத்த லாரியை உள்ள விடாம நிறுத்திட்டாங்கன்னு போன். அந்தப் பொண்ணு கிளம்பிருச்சு. "நான் வர்ற வரைக்கும் எதையும் ஏத்தாதீங்க, முன்காலை நான் பார்த்துட்டுத்தான்"னு சொல்லிட்டே ஓடுச்சு. நான் கேக்கறேன், பொறுப்பான ஆளு அப்படிப் போலாமுங்களா? வேலையை விட்டுட்டு? அது மட்டும் அங்கயே நின்னிருந்தா இன்னிக்கு நான் இந்தப் பஸ்ஸுல இப்படி உட்கார்ந்திருக்கவே வேண்டாம்.

ராகு காலம் நெருங்குது. பூஜை போட்ட பொருளை நல்ல நேரம் தாண்டித் தரையில போட்டு வெக்கறதுங்களா? "தூக்கு மாப்ள"ன்னேன்.

"அந்தம்மா வந்துரட்டுமே மச்சான்."

"ராகு காலம் வந்துரும்யா."

"அப்பச் சரி. அடித்தட்டுல வெச்சிரலாம்."

"பொட்டு வெச்சதையா? நடக்கறவன் காலுக்கு நேரா சாமியை வெப்பியா? மேல வை."

"கனமா இருக்குதுங்க மச்சான்."

"சாமி எப்பய்யா கனமாச்சு?"

கனகு சிரிச்சான். மாப்ள என் மூஞ்சியை ஒருக்காப் பார்த்தார். அவ்வளவுதான். குனிஞ்சு கையைக் குடுத்துட்டார். நானும் ஒரு பக்கம் புடிச்சேன், மேல்தட்டுல ஏத்திட்டோம். தெய்வம் ஒண்டியா நிக்கக் கூடாதுன்னு அடுத்த பெட்டி ரெண்டையும் அதுக்கு நேர் கீழயே துணைக்கு வெச்சோம். அடியில எல்லாம் காலி. பார்க்கறதுக்கு கோபுரம் மாதிரி இருந்துச்சு, உள்ளதைச் சொல்றேன்.

பின்னால ஒரு திருகாணி உட்காரலை. பெட்டியைக் கொஞ்சம் வெளிய இழுத்தாத்தான் கை போகும். முன்காலை ஊணிரலாம்னு மாப்ள கீழ குனிஞ்சார். அது புதுசு, இறுக்கமா இருந்துச்சு, வரலை. "அது கெடக்குது, நேரமாகுது, இதை இழு"ன்னேன். இழுத்தார். அதோட அடியில இருந்ததும் சேர்ந்து வந்துருச்சு. ஒரு முனகல் சத்தம் கேட்டுச்சு. கேட்டுச்சுங்க. தரைப் பலகைன்னு நெனச்சேன். அந்த மாதிரித் தரையில நான் வேலை பார்த்ததே இல்லையே, எனக்கு எப்படித் தெரியும்?

அலமாரி அப்படியே கும்பிடற மாதிரி முன்னால குனிஞ்சுது.

மாப்ள விலகிட்டாருங்க. சட்டுன்னு பக்கவாட்டுல விலகிட்டார், நான் பார்த்தேன். எனக்குக் கண்ணு பூரா அந்தப் பொட்டுதான். "புடி மாப்ள! சாமி விழுது!"ன்னு கத்திட்டேன். யாரா இருந்தாலும் கத்தத்தானுங்களே செய்வாங்க? பதட்டத்துல வர்றதுதானே. அவரு திரும்பி வந்தாருங்க. வந்து ரெண்டு கையாலயும் புடிச்சார்.

அதுக்கு மேல அதைச் சொல்ல வேண்டாம் தம்பி.

ஆஸ்பத்திரியில சட்டையை வெட்டி எடுத்தாங்க. பாக்கெட்டுல இருந்த கைக்குட்டையை ஒரு நர்ஸம்மா கொண்டாந்து சரசு கையில குடுத்துச்சு. பிரிச்சா மோதிரம். உசுரோட இருக்கறவன் மோதிரத்தைக் கழட்டிக் குடுப்பாங்களா? போயிட்டார்னு நெனச்சுட்டா புள்ளை. அவ போட்ட சத்தம் இருக்குதே, என் காதுக்குள்ள இன்னும் இருக்குது. நான்தான் ஓடிப்போய், "இல்ல அம்மிணி, கரண்டுக்காகக் கழட்டினது, மேடம் சொன்னதும் கழட்டிட்டார்"னேன். அவ என் கையைப் பார்த்தா. இந்த மோதிரத்தை. பார்த்துட்டுத் தலையைத் திருப்பிக்கிட்டா. எதுக்குப் பார்த்தாள்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியலை.

உசுரு நின்னுருச்சு. இடுப்புக்குக் கீழ ஒண்ணுமில்லை.

கம்பெனியில இருந்து விசாரிக்க வந்தாங்க, கோட்டு போட்ட ஒருத்தர். மாப்ள படுத்தபடிக்கே சொன்னார்: "நான்தானுங்க மேல வெச்சேன். யாரும் சொல்லலை. முன்காலை ஊணாததும் நான்தான்." நான் கட்டில் பக்கத்துலயே நின்னேன். எனக்குக் கண்ணு கலங்கிருச்சுங்க. தன்னால ஆன தப்பைத் தானே ஒத்துக்கறதுக்கு எத்தனை பேருக்கு மனசு வரும்? வெச்சது அவரு கைதானே, பொய்யொண்ணும் சொல்லலையே. அவரே ஒத்துக்கிட்டதால கம்பெனியும் வைத்தியச் செலவோட கையைக் கழுவிருச்சு. சரசு அப்ப கதவோரமா நின்னுக்கிட்டிருந்தா. அன்னிக்கு நிறுத்தினதுதான் பேச்சை.

சரி, துக்கம், புள்ளைக்கு மனசு சரியில்லைன்னு விட்டேன். ஆனா இதைக் கேளுங்க. அந்த சுபாஷினிப் பொண்ணு, அதையும் வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க. அது இப்பவும் இவங்க வீட்டுக்கு வந்துட்டுப் போகுது. ஒருநாள் நான் போறப்ப உள்ள இருக்குது. ரெண்டு பேரும் அடுப்படியில உட்கார்ந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டு, பேசிக்கிட்டு! சரசு அந்தப் பொண்ணுக்குக் காப்பியை ஆத்திக் கையில குடுக்கறா. விட்டுட்டுப் போனவளுக்குக் கையில காப்பி, கூடப் பொறந்தவனுக்குத் தரையில தண்ணி. இது எந்த ஊரு நியாயம்? நீங்களே சொல்லுங்க.

சரி, விடுங்க. ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்க, தூசி வருது.

கேளுங்க, முக்கியமானதை இன்னும் சொல்லலை. அந்த வீடே இப்பத் தரையில உட்கார்ந்துருச்சு தம்பி. மாப்ள கையை ஊணி நகந்து நகந்துதான் வர்றார். அவருக்கு எட்டோணும்னு சரசு எல்லாத்தையும் கீழ இறக்கிட்டா. அடுப்பு கீழ. தண்ணிக்குடம் கீழ. சுவிட்சுப் பெட்டியைக்கூட ஆளை வெச்சு இறக்கிட்டா. அவரு அங்கயே உட்கார்ந்து மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் பண்றார். கனமானதெல்லாம் அடியில, லேசானதெல்லாம் மேலன்னு வரிசையா அடுக்கி வெச்சிருப்பார். என்னைப் பார்த்தா முகம் மலரும். "வாங்க மச்சான், சாப்பிட்டீங்களா?" பழைய மாதிரியே. ஒரு குறை, ஒரு வார்த்தை, ம்ஹூம். தங்கமான மனுசன்.

எல்லாம் இருக்கட்டும். போன தடவை போறேன், சாமி படங்களையும் கீழ இறக்கி வெச்சிருக்காங்க! முருகன், அம்மன், அம்மாவோட போட்டோ, எல்லாம் தரையில ஒரு சின்ன மணை மேல. மாப்ளதான் இப்ப விளக்கு ஏத்தறாராம். "என்ன மாப்ள இது, காலு படற இடத்துல?"ன்னேன். "இந்த வீட்டுல யாரு காலு மச்சான் படப் போகுது? எனக்கு எட்டுதுங்க, இருக்கட்டும்"னு சிரிக்கிறார். அவரு சிரிப்பார். எனக்கு மனசு ஆறலை. முருகன் படத்தை எடுத்து எங்கயாச்சும் உசரத்துல வெக்கலாம்னு ரெண்டு கையாலயும் தூக்கிட்டேன்.

அப்பத்தான் தம்பி, அடுப்படியில இருந்து சரசு வந்தா. ஈரக்கையோட வந்து நின்னா. இத்தனை வருஷம் கழிச்சு என் மூஞ்சிக்கு நேராப் பார்த்தா. பேசினாளுங்க!

"அதைக் கீழ வைங்க"ன்னா.

'அண்ணா'ன்னு சொல்லலை. ஆனா பேசிட்டா, பார்த்தீங்களா. படத்தை வெச்சுட்டு வெளிய வந்து, வேப்பமரத்தடியில நின்னு அழுதேன். சந்தோசத்துலதானுங்க. அவளுக்கும் உள்ளுக்குள்ள அந்த வருத்தம் இருக்கத்தானே செய்யும், சாமி இப்படித் தரையில கிடக்குதேன்னு? வாய் விட்டுக் கேக்க மாட்டா, அவ பொறந்ததுல இருந்தே அப்படி. நானா புரிஞ்சுக்கோணும். அதுதான் மறுநாளே ஆசாரிகிட்டப் போயிட்டேன். இதோ பையில பலகையைத் தாங்கற இரும்புக் கை, திருகாணி எல்லாம் இருக்குது. சுவத்துல தலைக்கு மேல நல்ல உசரமா அடிச்சுக் குடுத்துட்டு, படமெல்லாம் ஏத்தி, மணியை ஒருக்கா அடிச்சேன்னா, அவ அடுப்படியை விட்டு வெளிய வராமயா போயிருவா?

விளக்கு எப்படி ஏத்துவாரா? யாரு, மாப்ளயா?

அது... நான் போய் ஏத்திக் குடுத்துட்டு வருவேனுங்க. தெனமும் வேணாலும் வருவேன். எனக்கென்ன சோலி.

ரைஸ்மில்லுங்களா? நிறுத்துங்க கண்டக்டர், நிறுத்துங்க! தம்பி, ஒரு கை குடுங்க. நீங்க அந்தப் பக்கம் நில்லுங்க, நான் இப்படி இழுக்கறேன். இருப்பா டிரைவரு, எடுக்காதே! மெதுவா... கொக்கி மாட்டுது பாருங்க... ஐயோ, நழுவுது, புடிங்க தம்பி! விடாதீங்க, புடிங்க!

அம்மாடி. கையில பட்டுருச்சா? எங்க, காட்டுங்க. தோலு வழண்டிருச்சே. ரத்தம் வருதா? நான் பாவி, இந்தாங்க துண்டு, சுத்திக்கோங்க. வேண்டாம், வெச்சுக்கோங்க, எனக்கு வேற துண்டு இருக்குது. நீங்க நல்லா இருக்கோணும். முன்னப் பின்னத் தெரியாதவன் சொன்னதுக்கு இப்படிப் புடிச்சீங்களே.

விட்டுட்டு விலகியிருக்கலாம் நீங்க. விடலை பாருங்க.

அவரும் இப்படித்தானுங்க தம்பி. அன்னிக்கு விடவே இல்லை.